வலைக்குள் பூக்கும் மரங்கள்

கலிஃபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோவிலிருந்து தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்ட் நோக்கி வசந்தகாலத்தில் காரில் செல்பவர்கள் அதைக் கண்டிருக்கலாம். மரங்கள் வரிசை வரிசையாக வெள்ளை வலையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பனி விழுந்ததுபோல் இருக்கும். பறவைகளிடமிருந்து பழத்தைக் காக்கும் ஏற்பாடல்ல இது. அப்போது மரத்தில் பழமே இராது. தேனீயிடமிருந்து பூவைக் காப்பதற்காகவே இந்த வலை.

நம் ஊர்க் கமலா ஆரஞ்சின் உறவான கிளெமென்டைன், டபிள்யூ. மர்காட் என்னும் வகைகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. கருவுறாமலேயே சூலகம் பருத்துப் பழமாகிவிடும். தனித்து நின்றால் விதை இராது. பக்கத்துத் தோட்டத்து வேற்றின மகரந்தத்தை ஒரு தேனீ சுமந்து வந்துவிட்டாலோ விதை விழுந்துவிடும். விதை விழுந்த பழத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை. சுளையை வாயிலிட்டு, விதையை மட்டும் நாக்கால் ஒதுக்கித் துப்பத் தெரியாத ஒரு தலைமுறை என் வீட்டிலேயே வளர்கிறது.

தேனீ வளர்ப்பவர்களுக்கோ, பிப்ரவரியில் பாதாம் பூத்து ஓய்ந்தபின் கூடுகளை ஆரஞ்சுப் பூக்களுக்கு அருகே கொண்டுபோய் வைப்பது பல பத்தாண்டு வழக்கம். ஆரஞ்சுத் தேனின் மணம் அப்படி வருவதுதான். 2006-இல் ஒரு பெரிய பழ நிறுவனம் அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. கூடுகளை அகற்றாவிட்டால், தேனீக்கள் அத்துமீறி நுழைவதற்கு இழப்பீடு கோரப்படும் என்றது. வேலியையும் பட்டாவையும் தேனீ அறியுமா என்று கேட்டுச் சிரித்துவிடலாம்தான். வாழ்க்கை முழுவதும் அந்தப் பெட்டிகளையே நம்பியிருப்பவனுக்குச் சிரிப்பு வந்திராது. ஸ்பெயினின் வாலென்சியாவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பூக்காலத்தில் இத்தகைய தோட்டங்களுக்கு அருகே தேன்கூடுகள் வைக்க அரசே ஆணையிட்டுத் தடை செய்தது.

இவற்றோடு ஒப்பிட்டால் வலை எனக்கு நேர்மையானதாகவே படுகிறது. வலை வாங்க வேண்டும், பூ மலருமுன் ஆள்வைத்துப் போர்த்த வேண்டும், இதழ் உதிர்ந்ததும் சுருட்டி எடுக்க வேண்டும். எல்லாச் செலவும், விதையில்லாப் பழத்தால் லாபமடைபவர் தலையிலேயே விழுகிறது. அண்டை வீட்டுக்காரனைக் காலிசெய்யச் சொல்லவில்லை. தன் வீட்டு ஜன்னலைத்தான் சாத்திக்கொள்கிறார். (உள்ளே வீணாகும் தேனை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான்.)

வலையையும் தேவையற்றதாக்கும் வழி வந்துவிட்டது. ரிவர்சைடிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தார், டபிள்யூ. மர்காட் மொட்டுகளைக் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கி உருவாக்கிய 'டாங்கோ' வகையை 2006-இல் வெளியிட்டார்கள். எந்த மகரந்தம் வந்து சேர்ந்தாலும் அதில் விதை பிடிப்பது மிக அரிது. இப்போது பள்ளத்தாக்கில் டாங்கோ ஏராளமாக நிற்கிறது. அந்தப் பூக்களுக்குத் தேனீக்கள் தடையின்றி வந்துபோகின்றன, தேனும் கிடைக்கிறது. கால்களில் ஒட்டிக்கொண்டு போகும் மகரந்தம் மட்டும் அநேகமாக எந்த மரத்திலும் ஒரு விதையை உண்டாக்குவதில்லை.