ஆங்கிலத்தைப் பூட்டி வைத்தவர்

'முப்பது நாளில் பாஷை' ரகப் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் அந்த ரகம் உண்டு. 1994-ல் தங்கையோடு ஃப்ளாரன்ஸ் போய், அந்த ஊர்ப் பேச்சில் மயங்கித் திரும்பிய ஜும்பா லாஹிரி, இத்தாலியன் கற்க வாங்கியதும் அப்படியொரு புத்தகம்தான். வேலைக்கு ஆகவில்லை.

அப்புறம் ஆசிரியர்கள். ஒருவர் மாற்றி ஒருவர், வருடக்கணக்கில் தனிப்பாடம். வகுப்பில் வாய் திறக்கும். தெருவில் இறங்கினால் மறுபடி ஆங்கிலம். இத்தனைக்கும் 2000-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். வீட்டில் வங்காளி, வெளியே ஆங்கிலம் என்று வளர்ந்தவருக்கு மூன்றாவது மொழி இவ்வளவு தண்ணி காட்டியது.

2012-ல் குடும்பத்தோடு ரோமுக்கே குடிபோனார். ஆனால் விஷயம் விமானம் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டது. ஆங்கிலத்தில் படிப்பதையே நிறுத்திவிட்டார்! ஆங்கிலத்தில் எழுதிப் பிழைப்பவர் செய்கிற காரியமா இது? கொஞ்சம் மூர்க்கம்தான். இத்தாலியப் புத்தகம் மட்டும், தெரியாத வார்த்தைகளைக் குறிக்க ஒரு நோட்டு. ரோமில் இறங்கியதும் டைரியையும் இத்தாலியனிலேயே, தப்பும் தவறுமாக எழுத ஆரம்பித்தார்.

எல்லோராலும் ரோமுக்குப் போக முடியாது, சரி. நோட்டுக்கும் டைரிக்கும் விசா வேண்டாமே. அதிலும் தமிழ் பேசுபவர்களுக்கு இத்தாலியனில் சின்னச் சலுகை உண்டு. 'பார்லோ' என்றால் 'பேசுகிறேன்'. நம் வினைச்சொல் போலவே 'நான்' உள்ளேயே இருக்கிறது. கனி, கன்னி என்று ஒற்றெழுத்தால் அர்த்தம் மாறுவதும் நமக்குப் புதிதல்ல. அங்கே 'காசா' என்றால் வீடு. 'காஸ்ஸா' என்றால்தான் காசு கட்டுகிற இடம். காமர்ஸ் மாணவர்களுக்கு இது மறக்கவே மறக்காது.

இவ்வளவு செய்தும் ஒரு சுவர் இடிக்க முடியாமல் நின்றது. சலேர்னோ என்ற ஊரில் ஒரு துணிக்கடை. விற்பனைப் பெண்ணிடம் லாஹிரி நன்றாகவே இத்தாலியனில் பேசினார். பிறகு வந்த கணவர் பேசியது சில வார்த்தைகள். அவரோ ஸ்பானிஷ் தெரிந்த அமெரிக்கர், பெயர் ஆல்பெர்ட்டோ. அந்தப் பெண் பாராட்டியது கணவரைத்தான், அவர் இத்தாலியராகத்தான் இருக்க வேண்டும் என்று! இத்தனை வருட உழைப்பையும் முகமும் பெயரும் ஒரு நிமிடத்தில் தோற்கடித்துவிட்டன. எந்தப் பாடமுறையிலும் இதற்கு மருந்து இல்லை.

அந்த அவமானத்தையும் அவர் இத்தாலியனில்தான் எழுதினார். அது 2015-ல் புத்தகமாக வந்தது. ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையை வேறொருவரிடம் விட்டார். தானே செய்தால் தன் தடுமாற்றங்களை எல்லாம் திருத்திவிடுவோமோ என்ற பயம். 2018-ல் இத்தாலியனிலேயே ஒரு நாவல் எழுதினார். 2021-ல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான்.