கரண்டு கணக்கு

போன மாதம் மகள் வயிற்றுப் பேத்தி நோட்டும் பேனாவுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரியில் ஏதோ பாடமாம். "அம்மாச்சி, உங்க ஊருக்குக் கரண்டு வந்ததுல என்ன லாபம்? ரூபாய்க் கணக்குல சொல்லுங்க" என்றாள்.

எங்கள் ஊர் மதுரைக்குக் கிழக்கே, மேலூர்ப் பக்கம். 1971-ல் வயல் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. கமலை மாடு இரண்டையும் அப்பா விற்றுவிட்டார். ஆனால் வீட்டுக்கு விளக்கு வர இன்னும் ஏழு வருஷம் ஆயிற்று! கிணற்றடியில் மோட்டார் ஓடும். அடுப்படியில் சிமினி புகையும். அந்த நாளில் ஊர் எல்லைக்குள் எதற்காவது கரண்டு பயன்பட்டாலே போதும், சர்க்கார் கணக்கில் அது மின்வசதி பெற்ற கிராமம்தான். நூற்றுக்குப் பத்து வீட்டிலாவது இருக்க வேண்டும் என்று 2004-ல்தான் விதியை மாற்றினார்கள். மீதித் தொண்ணூறு வீட்டுக்காரிகளை யார் கேட்டார்கள்?

மண்ணெண்ணெய், திரி, தீப்பெட்டிச் செலவைச் சொன்னேன். "அதோட முடியலை அம்மாச்சி" என்றாள். பிலிப்பைன்ஸ் நாட்டுக் கிராமங்களைப் பற்றி 2002-ல் உலக வங்கி ஓர் அறிக்கை போட்டதாம். பிள்ளைகள் ராத்திரி படிப்பது, ரேடியோ கேட்பது, வீட்டு வேலையில் மிச்சமாகும் நேரம், எல்லாவற்றுக்கும் அதில் விலை போட்டார்களாம்.

நேரம் மிச்சமா? பல்பு மாவாட்டுமா என்ன! விளக்கு வந்த பிறகு அம்மா ராத்திரி பத்து மணி வரை உளுந்து புடைத்தாள், அவ்வளவுதான். இதை லாபத்தில் எழுதுவதா, நஷ்டத்திலா? நீங்களே சொல்லுங்கள். 2011-ல் ஆரம்பித்த திட்டத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கிரைண்டர் வந்தபோது அம்மாவுக்கு எண்பது வயது. மாவு பொங்கிப் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே வலது தோளைத் தடவினாள். "இந்தச் சனியன் முப்பது வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாடி?"

இன்னொன்றும் சொன்னேன். 1976-ல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி தூக்கக் கலக்கத்தில் சிமினியைத் தட்டிவிட்டாள். பாவாடையில் தீப்பிடித்துக்கொண்டது. உயிர் பிழைத்தாள். இடது கை மட்டும் இன்றைக்கும் முழுதாக நீளாது. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தார்கள். கிணற்று மோட்டாருக்கு வந்த கம்பி எங்கள் வாசலிலிருந்து ஒரு பர்லாங் தூரம்கூட இல்லை.

"சின்ன அம்மாச்சி கையா?" என்றாள் பேத்தி. அவளுக்கு இதுவரை தெரியாது. எத்தனை ரூபாய் எழுதுவது என்று கேட்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். வருகிற சனிக்கிழமை தங்கச்சி வருகிறாள். அவளிடமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.