வஜா

நம் சினிமாவிலும், சினிமாவை ஒத்த நம் தொடர்கதைகளிலும் புற்றுநோய்க்கு ஒரே உபயோகம்தான்: கதையை முடித்துவைப்பது. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) அதை ஒரு டாக்டரின் தியாகத்தைத் துலக்கிக் காட்டப் பயன்படுத்திக்கொண்டது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) ஒரு பாடகனின் முடிவுக்கு. யாராவது ஒருவர் சாக வேண்டும், கொட்டகை அழ வேண்டும். நோயோடு இரண்டு வருஷம் குப்பை கொட்டுகிற மனிதர்கள் இவற்றில் இல்லை. தீவிர இலக்கியமும் இந்த விஷயத்தில் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோ முழுக்க இந்த இரண்டு வருஷத்தில்தான் இருக்கிறது. அவர்களிடம் அதிகம் காணப்படும் வகையில் – அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா – முதல் மாத சிகிச்சை முடிவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஸ்டீராய்டு மருந்தினால் அகோரப் பசி எடுக்கிறது, கன்னம் உப்புகிறது. வெளுத்துத் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன தாய், பூரித்த முகத்தோடு திரும்பக் கொண்டுவருகிறாள். அந்தப் பூரிப்பு மருந்தின் விளைவு, ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல என்று ஊரில் யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

டாக்டர்கள் இந்தக் கட்டத்தை 'ரெமிஷன்' என்கிறார்கள். பெற்றோரிடம் 'ரத்தம் சுத்தமாகிவிட்டது' என்று சொல்லப்படுகிறது. பொய் இல்லை, மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜை சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் நோய் கண்டுபிடிக்கப்படும்போது உடம்பில் இருக்கும் கெட்ட செல்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி. ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே நூறு கோடி. மைக்ராஸ்கோப் அதைக் காணாது. 1960களில் அமெரிக்காவில் ஹோவர்ட் ஸ்கிப்பர் எலிகளை வைத்துக் காட்டினார்: மருந்து ஒவ்வொரு தடவையும் இத்தனை செல் என்று எண்ணிக் கொல்வதில்லை, இருப்பதில் இத்தனை விகிதம் என்றுதான் கொல்கிறது, ஒரே ஒரு செல் மிஞ்சினாலும் எலி செத்துப்போகும். குறைந்துகொண்டே போய் பூஜ்யத்தைத் தொட மறுக்கும் இந்தக் கணக்கு பாங்க் குமாஸ்தாவுக்குச் சட்டென்று புரியும். மற்றவர்களுக்கு ஏன் புரிய வேண்டும்? இதற்காகத்தான் ஓடியாடும் குழந்தைக்குத் தினம் மெர்காப்டோபுரினும் வாரம் ஒருமுறை மெதோட்ரெக்ஸேட்டும்.

பணக்கார நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன. நம்மிடம் 1980களின் நடுவில் அடையாறும், பம்பாய் டாடாவும், டில்லி எய்ம்ஸும் ஒரே சிகிச்சைத் திட்டத்தை மேற்கொண்ட பிறகுதான் சொற்பமாக இருந்தது பாதியை ஒட்டி வந்தது. மருந்து இருக்கிறது, திட்டம் இருக்கிறது. நடுவில் நின்றுபோவதுதான் பிரச்னை.

போச்சம்பள்ளியில் ஒருவருக்குக் குழந்தை விழுந்தால் முதல் வாதம் ஊர்களைப் பற்றியது. ஓசூர் வழியாக பெங்களூர் கித்வாய் என்பார் மாமனார். பர்கூர் வழியாக வேலூர் என்பார் சித்தப்பா. அடையாறு என்பார் படித்தவர். ஷிமோகா பக்கம் மரப்பட்டை கொடுக்கிறார்கள் என்று ஒரு குரல் பின்னாலிருந்து வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையின் இரைச்சலோடு நடக்கும் இந்த விவாதம்தான் 'தீர்மானம்' என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையான தீர்மானம் ஏழெட்டு மாதம் கழித்து, இரைச்சலே இல்லாமல் எடுக்கப்படுகிறது.

அப்படி ஒன்று என் கவுண்டருக்கு வந்தது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) நகைக்கடனில் வைத்திருந்த ஒரு ஜோடிச் சின்னத் தோட்டை மீட்க ஒருவர் வந்தார். பெண்ணுக்கு ஐந்து வயது. "முடியெல்லாம் வளந்துடுச்சு சார். தோடு போட்டு உடணும்னு அவங்கம்மா கேக்குறா. இனிமே பெங்களூருக்குப் போறதில்லைன்னு இருக்கோம்." அவர் அறியாமையில் பேசவில்லை. காப்பீட்டு அட்டை மருந்துச் செலவை ஏற்றாலும் பஸ்ஸையும் ரூம் வாடகையையும் போன கூலியையும் ஏற்காது. சின்னவன் பாட்டியிடம் வளர்கிறான். முதுகுத் தண்டில் ஊசி போடும்போது பிள்ளை போடும் கூச்சலை ஒருமுறையாவது கேட்டவர்கள், நன்றாக இருக்கும் பிள்ளையை மறுபடி அங்கே ஏன் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டால் அதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. பெண் பிள்ளைக்கு இவ்வளவா என்று உறவினர் சொன்னதையும் அவரே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, சொன்னார்.

ஏழ்மைதான் காரணம் என்று முடித்துவிடுவது சுலபம். 1977இல் அமெரிக்காவில் இரண்டு வயது நிரம்பாத ஒரு பையனுக்கு இதே நோய். ஒரு மாதத்தில் ரெமிஷன். சில மாதங்களில் பெற்றோர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார்கள். 1978 பிப்ரவரியில் நோய் திரும்பியது. கோர்ட் சிகிச்சைக்கு உத்தரவிட்டது. அவர்கள் ஆப்ரிகாட் கொட்டை மருந்தை நம்பி 1979 ஜனவரியில் பையனோடு மெக்ஸிகோவுக்குப் போய்விட்டார்கள். அக்டோபரில் அவன் இறந்தான். கோர்ட், பத்திரிகை, பெற்றோர் உரிமை என்று எழுந்த கூச்சலில் எல்லோரும் மறந்தது, முதல் நிறுத்தம் பையன் சௌக்கியமாக இருந்தபோது நடந்தது என்பதை.

நான்கு வாரம் தொடர்ந்து வராமல் போனால் மருத்துவ உலகம் அதைச் 'சிகிச்சையைக் கைவிடல்' என்று பதிந்துகொள்கிறது. நம் வழக்கிலோ டாக்டர்தான் கைவிரிப்பார். ஒரு பாஷை பெற்றோரைக் குற்றம் சொல்கிறது, மற்றது டாக்டரை. நடுவே என்ன நடந்தது என்பதற்கு இரண்டிலும் சொல் இல்லை.

ரெமிஷனுக்குத் தள்ளுபடி என்று பொருள் கொள்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008இல் பயிர்க்கடன் தள்ளுபடி, 2021இல் கூட்டுறவு நகைக்கடன் ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்று கேட்டுப் பழகிய ஊர். ஆனால் இந்த மண்ணுக்கு இன்னொரு சொல்லும் தெரியும். 1792இல் பாராமஹால் கம்பெனி கைக்கு வந்ததும் ரீடும் அவர் உதவியாளர் மன்றோவும் ரயத்வாரியைப் பழகிப் பார்த்தது இங்கேதான். மழை பொய்த்த வருஷம் தீர்வையை விட்டுக்கொடுத்தால் அதற்கு இங்கிலீஷில் ரெமிஷன். கச்சேரித் தமிழில் வஜா. கலைச்சொல் கமிட்டிக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்த்திருக்கலாம்.

அன்று அவரோடு அவர் அப்பாவும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் கர்ணத்தின் பின்னால் கணக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜமாபந்திக்கு நடந்தவர். "டாக்டர் சொன்னது தள்ளுபடி இல்லை பெரியவரே, வஜா" என்றேன்.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வஜான்னா அந்த வருசத்தோட சரிங்களே. அடுத்த பசலிக்கு ஆள் வந்துடுமே." பிறகு மகனைப் பார்த்து, "இன்னும் எத்தினி மாசத்துக்கு மாத்திரைன்னு சொன்னாங்க?"

"பதினாறு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பின்னால் நின்றவர் டோக்கனை நீட்டினார். மகன் வட்டியை மட்டும் கட்டிவிட்டு ரசீதை வாங்கி மடித்துக்கொண்டார். தோடு உறைக்குள், பெட்டகத்தில் இருக்கிறது.