மிதிபடும் கல்

திருமுருகன்பூண்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் உளிச்சத்தம் வரவேற்றது என்று எழுத ஆசைதான். வரவேற்றது கட்டிங் மெஷினின் அலறல். சாலையோரப் பட்டறைகளில் பாதி முகத்தோடு விநாயகரும் நந்தியும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நான் தேடிப் போனது தரைக்கல்லை.

முந்தின நாள் காலையில்தான் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்று வந்திருந்தேன். இரண்டரை கிலோமீட்டர். கண்ணுக்கு என்னென்னவோ வைத்திருக்கிறார்கள். காலடியில் பார்க்க ஒன்றும் அகப்படவில்லை. கோயில் தளத்தில் விழுந்து கும்பிடும் உருவங்களையும் மண்டபத் திண்ணையில் ஆடுபுலிக் கட்டங்களையும் கொத்திய ஊர்க்காரர்கள்தானே நாம்?

பட்டறையில் அப்படியொரு கல் தயாராகிக்கொண்டிருந்தது. திருப்பணிக்குப் பணம் கொடுத்த குடும்பம், தங்கள் தாத்தா நெடுஞ்சாண்கிடையாகக் கிடப்பதுபோல் கேட்டிருக்கிறது. சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் சுத்தியலால் கல்லைத் தட்டிக் காட்டினார். "கணீர்னா ஆண்கல்லுங்க, சிலைக்கு. பெண்கல்லு பீடத்துக்கு. ரெண்டுலயும் சேராதது தளத்துக்கு." மூன்றாவதன் பழைய பெயரையும் சொன்னார். மனிதர்களை ஏசப் பயன்பட்ட சொல், இங்கே வேண்டாம்.

செங்காவிக் கோட்டுக்குள் உருவத்தைப் பள்ளமாக இறக்கிக்கொண்டிருந்தார். "மேல துருத்திட்டு நின்னா கால் தடுக்கிருமுங்க." கூப்பிய கையில் விரல்கள் பிரியவில்லை. பிரித்தால் ஓரம் பேர்ந்துவிடுமாம். விளிம்பெல்லாம் சரிவு. சிலைக்கு உளியைக் கூர்தீட்டும் கை, இங்கே கூர்மையை மழுக்குகிறது.

பேச்சுக்கிடையே இருமினார். உளி சில்லாகத் தெறிக்கவிட்ட கல்லை மெஷின் மாவாக அரைக்கிறது. அந்த மாவு நெஞ்சில் படிந்தால் சிலிகோசிஸ், குணமாகாத நோய். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான் காப்பு.

ஜெர்மனிக் கதை ஒன்றைச் சொன்னேன். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் கொலோன் நகரில் தொடங்கிய வேலை: நாஜிகளுக்குப் பலியானவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல் நடைபாதையில், உள்ளங்கையகலப் பித்தளையில் பெயர் பொறித்த கல். ஐரோப்பா முழுக்க லட்சத்துக்கு மேல் பதித்தாயிற்று. மியூனிக் நகரமோ 2004இலும் 2015இலும் பொது நடைபாதையில் இடம் தர மறுத்தது. செத்தவர் பெயரை மிதிப்பதா என்று அங்குள்ள யூதர்களில் ஒரு சாரார் கேட்டார்கள்.

பெரியவர் உளியை நிறுத்தினார். "நம்மாளுக மிதிக்கச் சொல்லித்தானுங்க காசு குடுக்கறாங்க."

திருமலையில் கருவறை வாசற்படிக்கே குலசேகரன்படி என்று பெயர். படியாய்க் கிடக்க விரும்பியவர் குலசேகர ஆழ்வார். ஆனால் கேட்டு வாங்கிய மிதி வேறு. அந்த ஜெர்மன் வாசல்களில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

"ரேஸ்கோர்ஸ்ல ஒரு கல் கொத்தச் சொன்னா என்ன கொத்துவீங்க?"

"சாமி கூடாதுங்க. ஆடுபுலிக் கட்டம் போட்டுரலாம். நடந்து சலிச்சவங்க உக்காந்து ஆடட்டும்."

கல்லின்மேல் செல்போன் ஒளிர்ந்தது. தாத்தாவின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். முகம் அப்படியே வரணுமாம்.

"குப்புறக் கிடக்கறவருக்கு மூஞ்சி எங்கீங்க வெக்கறது?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "காதுல கடுக்கன் போட்டிருக்காரு. அதை வெச்சர்றேன்."

சின்ன உளியைத் தேடி எடுத்தார்.