கடலில் ஓர் அறை, நான்கு கட்டில்கள்

பிள்ளைகளின் பாடசாலை விடுமுறைக்குச் சிங்கப்பூர் போகும் குடும்பங்கள், அங்கிருந்து உல்லாசக் கப்பல் ஏறி மூன்று நான்கு நாட்களில் பினாங்கு, புக்கெட் போன்ற இடங்களைப் பார்த்துத் திரும்ப முடியும். 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே கப்பல் நிலையம் இதற்கெனவே அமைந்தது. கப்பலில் என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம் என்று சொல்லப் பலர் இருக்கிறார்கள். எங்கே படுப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. வாப்பா, உம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே உம்மும்மா என்று புறப்படும் நமக்கு முதற் கேள்வியே அதுதான்!

கப்பல் அறை என்பது அடிப்படையில் இருவருக்கானது. 2016இல் கட்டப்பட்ட 'கெண்டிங் ட்ரீம்' என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 3,352 பேர் பயணம் செய்யலாம் என்பது கீழ்க் கட்டில்களை மட்டும் எண்ணிச் சொல்லும் கணக்கு. மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் மடக்குக் கட்டில்களே கைகொடுக்கின்றன. இவற்றை 'புல்மன்' கட்டில் என்பார்கள். அமெரிக்காவில் படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகளைச் செய்து பேர்பெற்ற ஜோர்ஜ் புல்மனின் (1831–1897) பெயரே இது. நாகூர், அஜ்மீர் என்று இந்திய ரயிலில் போய்வந்தவர்களுக்கு, பகலில் மடக்கி இரவில் விரிக்கும் நடுக் கட்டில் நினைவுக்கு வரும். கப்பலில் அது சுவரோடு மடங்கியிருக்கும். சில கப்பல்களில் கூரைக்குள் மறைந்திருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு நீங்கள் போயிருக்கும்போது, அறைப் பணியாளர் வந்து அதை இறக்கி, விரிப்பு விரித்து, ஏணியையும் சாத்திவிட்டுப் போவார். காலையில் மீண்டும் மடக்கிவிடுவார்.

பெரும்பாலான கம்பெனிகளில் மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் கட்டணம் குறைவு. ஆனால் துறைமுக வரி போன்றவை ஆளுக்கு ஆள் சேரும். ஆகவே மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்டே தீர்மானியுங்கள்.

அறையைத் தெரிவு செய்யுமுன் கப்பலின் தளப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மேற்கட்டில் உள்ள அறைகளைச் சிறு முக்கோணம், வட்டம் போன்ற அடையாளங்களால் காட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பெனியின் அடையாளமும் வேறு. விளக்கக் குறிப்பைப் பார்க்க வேண்டும். பின்னர் இவற்றைக் கேளுங்கள்:

மூன்றாவது படுக்கை மேற்கட்டிலா, விரிக்கும் சோபாவா? சோபாவை விரித்தால் பல்கனிக் கதவுக்கு வழி இருக்குமா? மேற்கட்டில் இறங்கியிருக்கும்போது கீழே உள்ள இரு கட்டில்களையும் ஒன்றாகச் சேர்க்கலாமா? சில அறைகளில் அவற்றைப் பிரித்தே போட வேண்டும். சேர்த்துப் போட முடிந்தாலும், நடுவில் எழுந்து உட்காரும்போது தலை இடிபடக்கூடும். ஏணி எந்தப் பக்கம் நிற்கும்? இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் அது இடறுமா?

மேலே யார் படுப்பது என்பதையும் வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஏணியில் தானாக ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு அது சந்தோஷமான இடம். மிகச் சிறிய பிள்ளையை, தடுப்புக் கம்பி இருக்கிறதே என்று நம்பி மேலே போடாதீர்கள். கப்பல் அசையும்! உம்மும்மாவுக்குக் குளியலறைக்குக் கிட்டவுள்ள கீழ்க் கட்டில்தான் ஏற்றது. குளியலறை வாசலில் படி உயர்ந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்து அறை நல்லது. அங்கே ஆட்டம் குறைவு.

இன்னொரு முக்கிய விடயம். அறையில் நான்கு கட்டில்கள் இருந்தும், "நான்காமவரைச் சேர்க்க முடியாது" என்று சொல்லக்கூடும். வீண் பிடிவாதம் என்று கோபப்படாதீர்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது, ஏறியிருந்த எல்லோருக்கும் போதுமான உயிர்காப்புப் படகுகள் அதில் இருக்கவில்லை. அந்தப் பாடத்தினால் 1914இல் கடற் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச உடன்படிக்கை உருவானது. இன்றும் கப்பலில் உயிர்காப்பு இடங்களை எண்ணியே ஆட்களை ஏற்றுகிறார்கள். அந்தக் கணக்கில் கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். ஆகவே குழந்தையின் பெயரையும் முதலிலேயே பதிந்துவிடுங்கள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் இடம் இல்லாமற் போகலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பல கப்பல்களில் ஏற்றுவதே இல்லை.

நான்கு பேருக்கும் குளியலறை ஒன்றுதான், அலுமாரியும் சிறியதுதான். கட்டில்களை இறக்கி ஏணியையும் வைத்தபின் முஸல்லா விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். சுபஹுக்கு ஒவ்வொருவராக எழும்புவதே வசதி. கப்பல் திரும்பத் திரும்ப அறைக்குள் கிப்லாவின் பக்கமும் மாறும் என்பதையும் மறவாதீர்கள்.

வளர்ந்த ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் இருந்தால், உள்ளே கதவு வைத்து இணைத்த இரண்டு அறைகளைக் கேளுங்கள். 'அடுத்தடுத்த அறை' என்றால் அது வேறு. அதில் உட்கதவு இருக்காது. செலவு கூடலாம். ஆனால் குளியலறை இரண்டாகும். பெண்பிள்ளை உடை மாற்றவும் நிம்மதியாகத் தூங்கவும் மறைவான இடம் கிடைக்கும்.

முற்பணம் கட்டுமுன் ஒரு தாளில் நான்கு கட்டில்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுதிப் பாருங்கள். மற்ற எல்லோருக்கும் நல்ல இடம் கொடுத்துவிட்டு, மிஞ்சிய மூலையில் உங்கள் பெயரை எழுதுகிறீர்களா? அப்படியானால் அந்த அறை உங்கள் குடும்பத்துக்குப் போதாது. உம்மாவுக்கும் அது விடுமுறைதானே!