தோன்றா எழுவாய்

நம் போனில் இருக்கும் செயலிகளில் பல, வயிற்றுக்குள் ஒரு பிரவுசரை ஒளித்து வைத்திருக்கின்றன. முகப்பும் மெனுவும் செயலியுடையவை. 'பணம் செலுத்து' என்பதைத் தொட்டதும் திறப்பது பெரும்பாலும் ஓர் இணையப் பக்கம். ஆண்ட்ராய்டில் இதற்கு வெப்வியூ என்று பெயர். ஐபோனில் 2014இல் ஐஓஎஸ் 8உடன் வந்த டபிள்யூகே வெப்வியூ. முகவரிப் பட்டை இல்லாத பிரவுசர் இது. பக்கம் வராமல் போனால், என்ன நடந்தது என்று புரியும்படி செயலியை எழுதியவர்கள் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால் ஐபோனில் வெள்ளைத் திரை.

'பக்கம் வரவில்லை' என்பது ஒரே சங்கதி அல்ல. ஐஓஎஸ்ஸில் -1009 என்றால் இணையமே இல்லை. -1001 என்றால் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது. -999 பெரும்பாலும் பிழையே அல்ல. ஒரு பக்கம் வந்து முடிவதற்குள் இன்னொன்றைத் தொட்டதால் முதலாவது கைவிடப்பட்டது, அவ்வளவுதான். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பக்கத்துக்குள் இருக்கும் ஒரு படம் வராவிட்டால்கூடப் பிழை அழைப்பு வரும். விழுந்தது மொத்தப் பக்கமா, ஓரத்து விளம்பரமா என்று நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்வர் 500 என்று பதில் அனுப்பினாலோ, அது இந்த வழியில் பிழையாக வரவே வராது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்; உள்ளே 'வராதே' என்று எழுதியிருந்தால் அது அவர் கணக்கில் சேராது. பிழைக்குப் பிறகும்கூட ஆண்ட்ராய்டு 'பக்கம் முடிந்தது' என்று அறிவிப்பதுண்டு. மெஸ் வாசலில் தொங்கும் 'சாப்பாடு முடிந்தது' பலகை மாதிரி. முடிந்தது உண்மை, நாம் சாப்பிடவில்லை என்பதும் உண்மை.

இவ்வளவையும் பிரித்துப் பார்த்த பிறகு, பல செயலிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியத்தைக் காட்டுகின்றன: 'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது. மீண்டும் முயலவும்.'

போன வருடம் அம்மா ஒரு செயலியில் காப்பீட்டுத் தவணை கட்டிக்கொண்டிருந்தாள். இதே வாக்கியம் வந்தது. போனை என்னிடம் நீட்டி, "நாந்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போலடா" என்றாள். சர்வர் படுத்திருந்தது. அவள் எதையும் மாற்றி அமுக்கவில்லை.

பள்ளியில் தோன்றா எழுவாய் படித்திருப்போம். 'மீண்டும் முயலவும்' என்பதில் மறைந்திருப்பது 'நீங்கள்'. முதல் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, 'தவறு'. ஆனால் செய்தவர் யார் என்று இல்லை. அடுத்த வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் 'நீங்கள்' மெல்ல நகர்ந்து அந்தக் காலியிடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் ஸ்மார்ட்போனைக் கையில் எடுத்தவர்கள், பழியை ஏற்றுக்கொள்ளத் தயாராகவே இருக்கிறார்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் அந்த இரண்டாவது வாக்கியம் ஆபத்தானதும்கூட. கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். பணம் போனதா இல்லையா என்பது அந்த நொடியில் போனுக்குத் தெரியாது. அப்போது 'மீண்டும்' என்று சொல்வது இன்னொரு முறை கட்டச் சொல்வதாகிவிடும். முதலில் ஆர்டர் எண்ணைக் கொடுத்துச் சர்வரிடம் கேட்க வேண்டும். பதில் வரும்வரை அந்தப் பொத்தானே திரையில் இருக்கக் கூடாது.

எங்கள் செயலிக்கு மூன்று செய்திகள் எழுதினேன். 'உங்கள் போனில் இப்போது இணையம் இல்லை. வந்ததும் நாங்களே திறக்கிறோம்.' 'பணம் போயிருக்கலாம், சரிபார்க்கிறோம். மறுபடி கட்ட வேண்டாம்.' மூன்றாவதற்குத்தான் சண்டை: 'எங்கள் பக்கம் கோளாறு. உங்கள் மேல் தவறில்லை.'

"கோளாறுன்னு நாமளே சொன்னா நம்பிக்கை போயிடாதா?" என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். "சொல்லலைன்னா அவங்களுக்கு அவங்க மேலயே நம்பிக்கை போயிடுது சார்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, போடுங்க" என்றார்.

சின்னத் திரையில் இரண்டு வாக்கியமும் இடம் போதாமல் மடங்குவதாக டிசைனர் சொன்னாள். மேலே இருந்த அழுமூஞ்சி மேகத்தின் படத்தை எடுத்துவிட்டோம். இப்போது இடம் இருக்கிறது.