"புடவையைத் திருப்பிப் பாருங்கம்மா!" - காஞ்சிபுரத்தில் ஒரு நாள், கையில் இரண்டு பட்டு

காஞ்சிபுரத்துக்குக் கிளம்பும்போது எங்கள் பையில் இரண்டு புடவைகள் இருந்தன. ஒன்று, 1984-ல் அத்தையின் கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு நிறப் பட்டு. இன்னொன்று, போன வருடம் இதே ஊரில் அத்தை வாங்கியது.

கோயிலுக்கு வந்த இடத்தில், "தறியிலேருந்து நேரா வாங்கலாம்மா" என்று ஆட்டோக்காரர் ஒருவர் ஒரு கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். 'அசல் ஜரிகை, கைத்தறி' என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்று தடவை கட்டுவதற்குள் ஜரிகை கறுத்துவிட்டது. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். "இந்தத் தடவை ஏமாறக் கூடாது. நீ பத்திரிகைல தானே இருக்க, கூட வா" என்றார் அத்தை.

கடைக்குப் போவதற்கு முன் நெசவாளர் ஒருவரைப் பார்த்துவிடலாம் என்று, முதலில் பிள்ளையார்பாளையம் போனோம்.

இரண்டு பேர், ஒரு தறி

காலை நேரம். தெருவில் நீளமாகப் பாவு விரித்து, இழைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். தெரிந்தவர் சொல்லி அனுப்பிய வீட்டில், குழித்தறியில் கணவர் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் மனைவி.

"நடுவுல உடம்புக்கு ஒரு நாடா, ரெண்டு கரைக்கும் ரெண்டு நாடா. மூணையும் ஒரே ஆளால வீச முடியாதும்மா. அதான் இவங்க" என்றார். உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, ஒவ்வொரு வரியிலும் கோத்துக்கொண்டே போவதுதான் கோர்வை. காஞ்சிபுரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை இது. ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவைகள் வரும்.

அத்தை இரண்டு புடவைகளையும் எடுத்து வைத்தார். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. "திருப்புங்கம்மா" என்றார்.

பின்பக்கம் சொல்லும் உண்மை

முதலில் கரை. பழைய புடவையில் உடலின் அரக்கு நிறம், பச்சைக் கரைக்குள் ஓர் இழைகூடப் போகவில்லை. இரண்டும் சேரும் இடத்தில் கோத்த தடம் விரலில் தட்டுப்பட்டது. புதுப் புடவையில் உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடி, கரையின் நிறத்தைக் கலங்கடித்திருந்தது.

அடுத்து முந்தானை. வேறு நிறத்தில் முந்தானை வேண்டுமென்றால், அந்த நிறப் பாவு இழைகளை உடலின் பாவோடு கையால் இணைக்க வேண்டும். இதைப் பெட்னி என்கிறார்கள். சேரும் இடத்தில் சற்றுத் தடித்த கோடு தெரியும். அத்தையின் கல்யாணப் புடவையில் அது இருந்தது. புதியதில் ஒரே பாவு நீளமாக ஓடியது. ஊடையை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"இது விசைத்தறிங்க. கோர்வை இல்லேன்னாலே போலின்னு சொல்ல மாட்டேன். ஒத்தை நாடாவுல நெய்யற நல்ல பட்டும் நம்ம ஊர்ல இருக்கு. ஆனா கோர்வைன்னு சொல்லி இதை வித்தா, அது தப்பு" என்றார்.

கடைசியாக ஜரிகை. அசல் ஜரிகை என்றால், பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். புதுப் புடவையின் இழையைச் சுரண்டினார். அதிலும் சிவப்பு! அத்தையின் முகம் மலர்ந்தது.

"அவசரப்படாதீங்க. இப்ப பாலியெஸ்டர் நூலுக்கும் சிவப்புச் சாயம் போடறாங்க" என்று அந்த நூலைத் தீக்குச்சியில் காட்டினார். உருகி, கறுப்பு மணியாகச் சுருண்டது. பட்டு இழை அப்படி உருகாது. முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். வீட்டில் செய்வதாக இருந்தால் ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழை போதும். புடவையில் தீக்குச்சியை வைத்துவிடாதீர்கள்.

எந்த முத்திரை எதற்கு?

முத்திரைகளில்தான் நிறையப் பேர் குழம்புகிறோம்.

மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் வந்த சில்க் மார்க், 'இது சுத்தமான பட்டு' என்று மட்டுமே சொல்கிறது. கையால் நெய்ததா, ஜரிகை அசலா என்பதற்கு அது சாட்சி இல்லை. கையால் நெய்ததற்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்கு, 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு. ஜரிகையின் வெள்ளி அளவைத் துல்லியமாக அறிய, புடவையை வெட்டாமலே எக்ஸ்-ரே முறையில் சோதிக்கும் இயந்திரம் உண்டு.

பட்டு, கைத்தறி, ஊர், ஜரிகை ஆகிய நான்கும் நான்கு கேள்விகள். ஒன்றுக்குப் பதில் கிடைத்ததும் மற்ற மூன்றையும் கேட்காமல் விடுவதுதான் நாம் ஏமாறும் இடம்.

பழசிலும் உண்டு

பழைய பட்டு பிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிழிந்த புடவையின் ஜரிகைக் கரையை வெட்டி, புதுத் துணியில் தைத்து, 'பாட்டி காலத்துப் புடவை' என்று விற்பதும் நடக்கிறது. கரையை மாற்றித் தைப்பது தப்பில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு. இங்கேயும் திருப்பிப் பாருங்கள், தையல் காட்டிக்கொடுத்துவிடும்.

"வீட்டு வாசல்ல பழைய பட்டு கேட்டு வர்றாங்களே?" என்றார் அத்தை.

"எரிச்சு வெள்ளி எடுப்பாங்கம்மா. எடைக்குக் காசு கொடுப்பாங்க. இந்தக் கோர்வைக்கு யாரு காசு கொடுப்பா? கொடுத்துடாதீங்க" என்றார் மனைவி. அதுவரை அவர் அதிகம் பேசவில்லை. விசைத்தறிப் புடவை கைத்தறி விலைக்குப் போகும்போது, கோர்வைக்கு உட்காரும் இரண்டாவது ஆளின் கூலிதான் முதலில் அடிபடுகிறது என்றார். அவர்கள் பிள்ளைகள் யாரும் தறிக்கு வரவில்லை.

கடைசியில் பில்

மதியம் காந்தி ரோட்டில் ஒரு கூட்டுறவு சங்கக் கடைக்குப் போனோம். விற்பனையாளர் ஒவ்வொரு புடவையாக விரித்துப் போட, அத்தை ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டார். நான்காவது புடவையில் விற்பனையாளரே சிரித்துக்கொண்டு, பின்பக்கத்தை மேலே வைத்து விரிக்க ஆரம்பித்தார்.

மாம்பழ நிறம், சிவப்புக் கரை, கோர்வை. பிடித்துவிட்டது. பணம் கட்டும்போது அத்தை சொன்னார்: "சுத்தப் பட்டு, கைத்தறி, கோர்வை, ஜரிகை என்ன ரகம்... எல்லாத்தையும் பில்லுலயே எழுதிக் கொடுங்க தம்பி."

எழுதிக் கொடுத்தார்கள். போன வருடம் வாங்கிய புடவையின் பில்லை நான் அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது ஒரே வார்த்தை: 'புடவை.'